மொட்டை மாடிக்கு ஏறிப்போன பாடம்

கோணமடைப்புதூர் கலை அறிவியல் கல்லூரியில் வாத்தியார்கள் மேலே போக ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை மூன்றாவது பீரியடில் என்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அன்றைக்குக் கேண்டீனில் தக்காளிச் சாதம் அடிப்பிடித்திருந்தது, திருச்செங்கோட்டு மலை காலையிலிருந்தே வெயிலில் வெளுத்துக் கிடந்தது, முதல் மாடியில் இரண்டாமாண்டுக் கணித வகுப்பில் மைனாவதி மேடம் போர்டு நிறைய எழுதி முடித்து, பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஆகவே" என்று சொல்ல வாயெடுத்தாள், அப்போது கடைசிக்கு முந்தின பெஞ்சில் கிருத்திக்ராஜ் என்கிற பையன், கன்னத்தைக் கையில் ஊன்றிக்கொண்டு, பாதித் தூக்கத்தில், மேசைமேல் கிடந்த தன் வலது கட்டைவிரலால் ஒன்றுமில்லாத இடத்தை லேசாக மேல்நோக்கி ஒரு தள்ளுத் தள்ளினான், அவ்வளவுதான், மைனாவதி மேலே போனாள்.

அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. அந்த மாதம்தான் நிர்வாகம் வாசலில் ஒரு பிளைவுட் பெட்டியை வைத்து, உள்ளே வருகிற பிள்ளைகள் எல்லோருடைய போனையும் வாங்கிப் போட்டுப் பூட்ட ஆரம்பித்திருந்தது. கண் விழித்ததிலிருந்து கண் மூடும்வரை தள்ளியே பழகின விரல்கள், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று தள்ளி, பிடித்ததையும் இதைவிட நல்லது அடுத்து வரும் என்று தள்ளி ஓடிக்கொண்டிருந்த விரல்கள், வெறும் மேசைமேல் வேறு என்ன செய்யும்? கொசு கடித்த இடத்துக்குக் கை போகிற மாதிரி போயிற்று.

கூரை அவளைத் தடுக்கவில்லை. கான்கிரீட்டுக்குள் தலை நுழைந்தபோது ஈர மணல் வாசம் அடித்தது, அவ்வளவுதான். சேலையில் ஒரு பொட்டுத் தூசி ஒட்டவில்லை, கையிலிருந்த சாக்பீஸ் உடையவில்லை, சொல்ல வந்த "ஆகவே"யை இரண்டாம் மாடியில் பி.காம் வகுப்பின் நடுவில் நின்று சொல்லி முடித்தாள். அந்தப் பிள்ளைகள் அவளைப் பதினோரு விநாடி பார்த்தார்கள். பிறகு முன் பெஞ்சில் யாரோ ஒருத்தியின் கட்டைவிரல் அசைய, மைனாவதி இன்னொரு கூரையைக் கடந்து மொட்டை மாடியில், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, புறாக்களுக்கு முன்னால் நின்றாள்.

கீழே அவள் விட்டுப்போன இடம் காலியாகவும் இல்லை. அவள் பாதம் கூரைக்குள் மறைவதற்குள், தரைத்தளத்தில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த தமிழ் ஐயா துரைக்கண்ணன் முதலில் வழுக்கைத் தலையும் பிறகு மூக்குக்கண்ணாடியுமாகத் தரையிலிருந்து கிளம்பி வந்து, ஐந்தாம் வேற்றுமை உருபை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கணிதப் பிள்ளைகளில் நாலைந்து பேர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மாடிக் கதவு பூட்டியிருந்தது. மைனாவதி தட்டு தட்டென்று தட்டியதில், அரைமணி நேரம் கழித்து வாட்ச்மேன் குப்பண்ணன் சாவியோடு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"சாவி எங்கிட்டல்லங்க இருக்குது. நீங்க எப்பிடிங் மேடம் மேல வந்தீங்க?"

"தள்ளிட்டாங்க குப்பண்ணா," என்றாள் மைனாவதி. வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை கல்லூரி முழுக்க நிலைத்துவிட்டது. "உங்களை இன்னைக்கு எத்தனை தடவை தள்ளினாங்க?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வது, சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல ஆகிவிட்டது.

முதல் வாரம் எல்லோரும் அவரவருக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். பிரின்சிபால், வகுப்பில் மாணவர்கள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருக்க வேண்டும் என்று சர்க்குலர் விட்டார். மடக்கின விரலோடு பேனா பிடிக்க முடியாது என்று பிள்ளைகள் சொன்னது நியாயமாக இருந்ததால் அது மூன்றாம் நாள் கிழிக்கப்பட்டது. தாளாளர் நாச்சிமுத்து ஐயா இன்ஜினியரை வரவழைத்துக் கூரையைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். விரிசல் ஒன்றுமில்லை, கம்பி நல்ல கம்பி என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முனியப்பன் கோயில் பூசாரி நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். தள்ளுவதற்குப் போன் இருந்தால் வாத்தியாரை விட்டுவிடுவார்கள் என்று யாரோ யோசனை சொல்லப் பெட்டியைத் திறந்து போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்; பிள்ளைகள் இடது கையால் போனையும் வலது கையால் வாத்தியாரையும் தள்ளினார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு லாரி பாடி கட்டுகிறவர் எழுந்து, "எம் பையன் முன்னயெல்லாம் கிளாஸக் கட்டடிச்சுட்டு டீக்கடையில நிப்பானுங்க, இப்ப கிளாஸுலயே உக்காந்திருக்கறான், எனக்கு இதுவே போதுமுங்க," என்று சொன்னதும் மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள், கூட்டம் அதோடு கலைந்தது.

எட்டு நாளில் பழகாத அதிசயம் உலகத்தில் உண்டா? மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டி, பத்துப் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு தண்ணீர் கேனும் வைத்தார்கள், கதவைப் பூட்டுவதை விட்டார்கள். தள்ளப்பட்டு மேலே வந்தவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்து, படியிறங்கித் தரைத்தளத்துக்குப் போய், எந்த வகுப்பில் ஆள் இல்லையோ அங்கே நுழைந்து, திரும்பவும் மேலே வர ஆரம்பிப்பார்கள். குப்பண்ணன் மட்டும் மாடியில் ஒரே ஒரு சட்டம் போட்டார்: "இங்க வந்து ஆரும் ஆரையும் தள்ளிப்போடாதீங்க சாமி. இதுக்கு மேல நம்ம கட்டடம் இல்ல." அதற்கு மேல் வானம்தான் என்பதால் அந்த ஒரு சட்டத்தை எல்லோரும் மதித்தார்கள்.

வாத்தியார்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, அவர்களும் கற்றுக்கொண்டார்கள். இயற்பியல் சார் ஒவ்வொரு வாக்கியத்தையும் "இதைக் கேட்டா ஆடிப்போயிருவீங்க" என்று தொடங்கினார். வணிகவியல் மேடம் பற்று வரவு விதிகளைக் குத்துப்பாட்டு மெட்டில் பாடினாள். விலங்கியல் சார் ஒரு உடும்போடு வந்தார். தமிழ் ஐயா ரொம்ப நாள் வீம்பாக இருந்துவிட்டுப் பிறகு அவரும் ஒருநாள் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு வந்தார், அன்று நான்கு நிமிடம் நின்றார், மாடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றாமலே, "பொழப்புக்கு என்ன வேசம் வேணாலும் கட்டலாம்மா மைனா," என்றார். கண்ணாடிக்குள் அவர் கண் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் பிள்ளைகளின் வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நவம்பர் மாதத்து ஸ்டாஃப் மீட்டிங் நல்ல பாடம் ஆயிற்று. பிரின்சிபால் வருகைப்பதிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாலாவது நிமிடம் வாக்கியத்தின் நடுவில் மெதுவாக மேலே போனார். யார் தள்ளியது என்று கேட்க ஆள் இல்லை, எல்லோரும் அவரவர் கட்டைவிரலை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது தனக்கு வந்தும் தெரியாத வியாதியாக இருந்தது.

மைனாவதி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அவளுக்குப் பாட வராது, உடும்பைக் கண்டால் பயம். பதினான்கு வருடமாக அவள் அதே கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். போர்டில் மேல் இடது மூலையில் ஆரம்பித்துக் கீழ் வலது மூலையில் முடிப்பவள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று, சாக்பீஸை உருட்டிக்கொண்டு கொஞ்சம் சும்மா நிற்பவள். அந்தச் சும்மா நிற்கும் இடத்தில்தான் அவளைத் தள்ளினார்கள். கோபமாகக்கூட இல்லை, படியில் பார்த்தால் "சாரி மேடம், கை தானாப் போயிருச்சுங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்ட கையாலேயே மறுநாளும் தள்ளினார்கள். ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே அறையில், ஒரே பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. சமையலுக்கு அரிசி களைந்து வைத்துவிட்டு அடுப்புப் பற்றாத மாதிரி நாள் முழுக்க உள்ளே என்னவோ தவித்தது. வீட்டில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. செய்தியைப் பாதியில் மாற்றினாள், சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள், மழைக்கு முந்தின ஆடு மாதிரி அறைக்கு அறை நடந்தாள்.

ஜனவரியில் நாச்சிமுத்து ஐயா ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கடிகாரம் மாட்டினார். அந்தக் காலத்தில் போர்வெல் லாரி ஓட்டி, பூமிக்குள் ஆயிரம் அடி இறங்கி, அந்தத் தண்ணீரில் கல்லூரி கட்டினவர் அவர். எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். ஒரு வாத்தியார் வகுப்புக்குள் வந்ததும் கடிகாரம் ஓடும், தள்ளினதும் நிற்கும். மாதக் கடைசியில் யார் சராசரியாக எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பட்டியல் ஒட்டினார்கள். முதலிடம் உடும்புக்கு, அதாவது விலங்கியல் சாருக்கு. கடைசி இடம் மைனாவதிக்கு, நாற்பத்தோரு விநாடி.

ஐயா அவளைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனுசர் என்று சொல்லிவிட முடியாது, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"ஏனுங் மேடம், நாப்பத்தோரு செகண்டுல என்னத்தச் சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல முடியறதில்லைங்க ஐயா."

"ஆமாமுங்க. உங்களப் பத்திக் கொறையொண்ணும் இல்லீங். ஆனா பசங்க உக்காந்து கேக்கோணுமல்ல? மார்ச்சு மாசம் மொதத் திங்கக்கெழம, ரெண்டாம் மாடி ப்ரொஜெக்டர் ரூமுல, உங்க கிளாஸுக்கு நானே வந்து கடைசிப் பெஞ்சுல உக்காருறேன். பன்னெண்டு நிமிசம். உங்களுக்குப் புடிச்ச பாடமா எடுங்க. பன்னெண்டு நிமிசம் தள்ளாம இருந்தாங்கன்னா வர்ற வருசமும் நீங்கதான். இல்லீன்னா வேற பாத்துக்கோங்க. பாறை வந்தா எடத்த மாத்திப் போடறதுதானுங்களே?"

எந்தப் பாடம் என்று அவள் யோசிக்கவே இல்லை. பகா எண்களுக்கு முடிவில்லை என்கிற நிரூபணம்தான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்கள், இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று போகிறவை, எங்காவது ஒரு இடத்தில் தீர்ந்துபோகுமா? தீர்ந்துபோகும் என்றே வைத்துக்கொள். இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பட்டியல் எழுது. பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கூட்டு. இப்போது கிடைத்த எண்ணைப் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் ஒன்று மீதி நிற்கும். ஆகவே இது ஒரு புதிய பகா எண், ஆகவே உன் பட்டியல் முழுமை இல்லை. கல்லூரியில் படித்தபோது இதைக் கேட்ட அன்றைக்குத்தான் மைனாவதி கணக்கு வாத்தியார் ஆவதென்று முடிவு செய்தாள். சும்மா நிற்கும் இடங்களோடு சேர்த்து இதற்குச் சரியாகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

ஒத்திகை பார்க்கவாவது ஒரு தடவை சொல்லி முடிக்க வேண்டும் என்று பிப்ரவரி முழுக்க முயன்றாள். முதலிலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு வகுப்பிலும் ஆரம்பம்தான் மிஞ்சியது. கடைசியில் ஒரு பிடிவாதம் பிடித்து, தள்ளினால் தள்ளட்டும் என்று, விட்ட இடத்திலிருந்தே அடுத்த மாடியில் தொடர்ந்தாள். தரைத்தளத்தில் வரலாற்றுப் பிள்ளைகளுக்கு "ஒரு பட்டியல் எழுது" என்பது கிடைத்தது. முதல் மாடியில் கணிதப் பிள்ளைகளுக்கு "எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டு" என்பது மட்டும் கிடைத்தது. இரண்டாம் மாடியில் பி.காம் வகுப்புக்கு "ஒன்று மீதி நிற்கும்" கிடைத்தது, அவர்கள் அதை லாப நஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். முடிவு புறாக்களுக்குக் கிடைத்தது. ஆனால் ஒன்று நடந்தது: பாதித் தும்மலோடு நின்றுபோனவர்கள் மாதிரிச் சில பிள்ளைகள் அலைய ஆரம்பித்தார்கள். எதைப் பெருக்குவது, எதற்கு ஒன்றைக் கூட்டுவது, எது மீதி என்று காலேஜ் பஸ்ஸில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஸ்டாப்பிங் வந்தது, மறந்தார்கள்.

மறக்காதவள் ஒருத்தி இருந்தாள். இரண்டாமாண்டுக் கணிதத்தில் மாதேஸ்வரி என்று ஒரு பெண், மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள். அவளும் மற்றவர்களைப் போலத்தான், மைனாவதியை அவளே ஆறு தடவை தள்ளியிருக்கிறாள். ஒரே ஒரு விஷயத்தில் வேறு: பேச்சு ரொம்ப மெதுவாக வரும். திக்குவாய் இல்லை, ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையைக் கல் பொறுக்கி எடுப்பதுபோல எடுப்பாள். அதனால் அவள் வாயைத் திறந்தாலே தோழிகள் விரல் தானாக அசையும். மாதத்தில் நாலு நாளாவது அவள் மொட்டை மாடியில் வாத்தியார்களோடு உட்கார்ந்திருப்பாள்.

அந்த மார்ச் முதல் திங்கட்கிழமை, பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கையில், இரண்டாம் மாடி ஸ்டாஃப் ரூமில் மைனாவதி தனியாக உட்கார்ந்து, சேலை மடிப்பை நீவிக்கொண்டு, வாய்க்குள் பாடத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாதேஸ்வரி நோட்டோடு வந்து நின்றாள்.

"மேடம்ங்… ஒரு… டவுட்டுங்க."

"சொல்லு கண்ணு, சீக்கிரம். பதினோரு மணிக்கு ஐயா வர்றாரு."

"முப்பதாயிரத்து… முப்பத்தொண்ணுங்க மேடம்…"

"ம்."

"அதுங்க… நீங்க சொன்ன… மாதிரியே… பெருக்கி…"

மைனாவதி அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் மனசு மட்டும் ப்ரொஜெக்டர் அறைக்குப் போய், போர்டைத் துடைத்து, ஐயாவின் முகத்தைப் பார்த்து, திரும்பி வந்து, இந்தப் பெண் இன்னும் முடிக்கவில்லையா என்று பார்த்து, மறுபடியும் போயிற்று. மேசைமேல் கிடந்த அவளுடைய வலது கட்டைவிரல் லேசாக மேல்நோக்கி அசைந்தது. மாதேஸ்வரி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயில் அடுத்த வார்த்தையோடு, மேலே போனாள். கடைசியாகக் கூரைக்குள் மறைந்தது அவள் செருப்பு. அதன் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது.

மைனாவதி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மேசைமேல் கிடந்தது. வெட்கமாக இருந்தது, சொல்லப்போனால் அழுகையே வந்தது. ஆனால் மணி அடித்துவிட்டது.

ப்ரொஜெக்டர் அறையில் இரண்டாமாண்டுப் பிள்ளைகள் அறுபத்துநாலு பேர். ஐயா கடைசிப் பெஞ்சில், முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். விஷயம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது; மேடத்துக்கு வேலை போய்விடக் கூடாது என்று அவர்களுக்குள்ளேயே பேசி, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வதென்று ஏற்பாடு செய்திருந்தார்கள். கிருத்திக்ராஜுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஆள் போட்டிருந்தார்கள். மைனாவதி அதைப் பார்த்துவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பினாள். மேல் இடது மூலையில் ஆரம்பித்தாள்.

ஒரு நிமிடம் போயிற்று. மூன்று போயிற்று. பிள்ளைகள் நெளிந்தார்கள், வியர்த்தார்கள், ஒருத்தன் உதட்டைக் கடித்துக்கொண்டான், பிடிபட்ட விரல்கள் மீன் மாதிரி துள்ளின, ஒருவரும் விடவில்லை. ஐந்து. ஏழு. பட்டியல் எழுதினாள், பெருக்கினாள், ஒன்றைக் கூட்டினாள். சாக்பீஸை உருட்டிக்கொண்டு சும்மா நின்றாள், சும்மா நின்றபோதும் அவள் அங்கேயே இருந்தாள். ஒன்பது நிமிடம். "எதுக்கும் உதாரணத்துக்கு ஒண்ணு பாக்கலாம். ரெண்டு பெருக்கல் மூணு, கூட்டல் ஒண்ணு, ஏழு. பகா எண். அஞ்சையும் சேத்துக்கோங்க, முப்பத்தொண்ணு. பகா எண். ஏழையும் சேத்தா இருநூத்திப் பதினொண்ணு. பகா எண். இப்படி எப்பப் பெருக்கி ஒண்ணக் கூட்டினாலும் கிடைக்கறது பகா எண்தான்." பதினான்கு வருடமாகச் சொல்லிவரும் வரி. கை தானாக எழுதிக்கொண்டு போயிற்று. பதினொன்றையும் சேர்த்தாள், இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. பதின்மூன்றையும் சேர்த்தாள், முப்பதாயிரத்து முப்பத்தொன்று.

முப்பதாயிரத்து முப்பத்தொண்ணுங்க மேடம், என்றது மண்டைக்குள் ஒரு மெதுவான குரல்.

சாக்பீஸ் நின்றது. இதை யாரும் வகுத்துப் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை. பாடமாகப் படித்த வருடத்திலிருந்து இன்றுவரை, மூன்று உதாரணத்தோடு நிறுத்திவிட்டு, "இப்படியே போகும்" என்று போர்டைத் துடைத்தவள் அவள். யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் பதினான்கு வருடம் தொடர்ந்து ஒரே இடத்தில் சறுக்குமா? ஐயா கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார், பத்து நிமிடம் பத்து விநாடி. இரண்டே இரண்டு வரிதான் பாக்கி. அதைச் சொன்னால் வேலை நிலைக்கும், சொல்வது சரியா என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"எனக்கு இது சரியான்னு தெரியலை," என்றாள் மைனாவதி. "தெரிஞ்ச பொண்ணு மேல இருக்குது. நாந்தான் தள்ளினேன்."

சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். ஏழெட்டு மாதத்தில் அந்தக் கல்லூரியில் ஒரு வாத்தியார் வகுப்பிலிருந்து கதவு வழியாகப் போனது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தார்ப்பாய் நிழலில் மாதேஸ்வரி தனியாக, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைனாவதியைக் கண்டதும் எழுந்தாள்.

"மேடம்… பிசியா இருந்தீங்க… அதனாலதான்…"

"நீ உக்காரு சாமி. தப்பு எம்மேல. மொதல்ல இருந்து சொல்லு."

எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். இங்கே தள்ளிவிட்டால் இந்தப் பெண் போய்ச் சேர இன்னொரு மாடி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். வானம் சுத்தமாக, ஒரு பிடிமானம் இல்லாமல் இருந்தது.

மாதேஸ்வரி சொல்ல ஆரம்பித்தாள். வகுப்பில் பெருக்கி ஒன்றைக் கூட்டுகிற அந்த ஒரு வரிதான் காதில் விழுந்ததுங்க, மீதியை மற்ற வகுப்புப் பிள்ளைகளிடமும், முடிவை இந்த மாடியில் உட்கார்ந்திருந்தபோதும் கேட்டுக்கொண்டேனுங்க என்றாள். மற்ற பீரியடில் மேசைக்கடியில் போனை வைத்து, அதிலிருந்த கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேனுங்க என்றாள். ஏழு வந்ததை, முப்பத்தொன்று வந்ததை, இருநூற்றுப் பதினொன்று வந்ததை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றையும் எதனால் எதனால் வகுத்துப் பார்த்தாள் என்பதோடு சொன்னாள். மைனாவதிக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. தெரியும், மேலே போ, மேலே போ என்று தொடைக்கடியில் கட்டைவிரல் முட்டியது. அது தன் விரல் மாதிரியே இல்லை. இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். கீழே இந்நேரம் பன்னிரண்டு நிமிடம் கடந்திருக்கும், அவள் அங்கே இல்லை, வேலை போயிற்று, அதில் இனி யோசிக்க ஒன்றுமில்லை. அந்த நினைப்பு வந்ததும் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாலு நாளா… வகுத்தேனுங்க மேடம். பதினேழுல போகலை. பத்தொம்பதுல… போகலை. அப்பறம்… ஐம்பத்தொம்பதுல…"

"ஐம்பத்தொம்பதுல?"

"போயிருச்சுங்க. ஐம்பத்தொம்பது… பெருக்கல்… ஐநூத்தி ஒம்பது. அது… பகா எண்ணே… இல்லைங்க மேடம். நீங்க சொன்னது… தப்புங்க."

மைனாவதி நோட்டை இடது கையால் வாங்கிப் பார்த்தாள். பென்சிலில், கட்டம் கட்டமாக, ஒரு அடித்தல் இல்லாமல் அது அங்கே இருந்தது. எத்தனை நூறு பிள்ளைகள் அவள் முன்னால் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள்! தப்பைத் தப்பென்று சொல்லுமளவுக்கு அவள் பேச்சை யாரோ ஒருத்தி கேட்டிருக்கிறாள். வெட்கப்பட வேண்டிய இடத்தில் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது, மொட்டை மாடி என்றும் பார்க்காமல் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"ஆமா சாமி, தப்பு. பதினாலு வருசமாத் தப்பு. அப்ப நிரூபணமே போச்சா?"

"அதத்தானுங்க… கேக்க வந்தேன்… நானா… ஒண்ணு யோசிச்சேன்…" என்று சொல்லிவிட்டு மாதேஸ்வரி அடுத்த வார்த்தையைத் தேடினாள்.

அப்போது அவர்களுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து நாச்சிமுத்து ஐயாவின் நரைத்த தலை கிளம்பியது, பிறகு சட்டைப்பை, பிறகு வேட்டி. வாத்தியார் இல்லாத வகுப்பில் ஒழுக்கம் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்று எழுந்து முன்னால் போயிருக்கிறார். விரல் பிடித்திருந்தவர்கள் மேடத்துக்காகப் பிடித்தார்களே தவிர ஐயாவுக்காகப் பிடிக்கவில்லை. "…அதுனாலதான் நாஞ் சொல்றது என்னன்னா," என்று முடிக்கப்போனவர், வெயிலைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், முகமெல்லாம் சிவந்து மைனாவதி பக்கம் திரும்பினார்.

"ஏனுங் மேடம், என்னுங்க இது? நாந்தான் பன்னெண்டு நிமிசம்…"

மைனாவதி அவர் பக்கம் திரும்பவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க ஐயா. பொண்ணு இன்னும் சொல்லி முடிக்கலை."

ஐயாவுக்கு வாழ்க்கையில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. காலை மாற்றி மாற்றி நின்றார், வாட்ச்சைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கீழே எங்கேயோ வகுப்பு மாறும் மணி அடித்தது. மாதேஸ்வரி இருவரையும் பார்த்தாள், வேகமாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தவள் போல வாயைத் திறந்து மூடினாள். பிறகு, அவளுக்கு வருகிற வேகத்திலேயே சொன்னாள்:

"அந்த ஐம்பத்தொம்பதும்… ஐநூத்தி ஒம்பதும்… பதிமூணோட நின்ன… நம்ம பட்டியல்ல… இல்லைங்களே மேடம். அப்ப… எப்பிடிப் பாத்தாலும்… பட்டியல் முடியாதுங்களே."